கப்பல் வேலையில் கூடுதல் ஊதியம் பாக்கியா? பினாங்கிலிருந்து உரிமை கோரும் முறை

பட்டர்வொர்த்திலிருந்தும் ஜோர்ஜ்டவுனிலிருந்தும் கப்பல் வேலைக்குப் போகும் நம்மவர்களுக்கு அடிப்படைச் சம்பளம் பெரும்பாலும் வந்துவிடுகிறது. தகராறு எழுவது அதற்கு மேல் வரவேண்டிய தொகைகளில்தான்: உறுதி செய்யப்பட்ட மணிநேரத்தைத் தாண்டிய ஓவர்டைம், போர் அபாயப் பகுதியைக் கடந்ததற்கான போனஸ், எடுக்காத விடுப்புக்கான பணம், சரக்கு அறை கழுவியதற்கான தனித்தொகை, ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் கப்பலில் வைத்திருந்த வாரங்களுக்கான சம்பளம். சட்டம் இவற்றில் பெரும்பாலும் மாலுமியின் பக்கமே நிற்கிறது. ஆனால் கப்பலில் இருந்தபோது மாதாமாதம் அவர் கையெழுத்திட்ட தாள்கள் பல சமயம் அவருக்கு எதிராக நிற்கின்றன. ஆகவே இந்த வழிகாட்டி நீதிமன்றத்தில் தொடங்காமல், கப்பலின் சாப்பாட்டு அறை மேசையில் வைத்துக் கையெழுத்து வாங்கப்படும் அந்தத் தாள்களில் தொடங்குகிறது.

ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006 என்பது சர்வதேசத் தொழிலாளர் நிறுவனத்தின் உடன்படிக்கை. அது 2013 ஆகஸ்ட் 20 அன்று நடைமுறைக்கு வந்தது. மலேசியாவும் 2013-இல் அதை ஏற்றுக்கொண்டது. அதன்படி மாலுமியும் கப்பல் உரிமையாளரோ அவரது பிரதிநிதியோ கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தத்தின் ஒரு மூலப்பிரதி மாலுமியின் கையில் இருக்க வேண்டும். 'ஆபீசில் இருக்கிறது, பிறகு தருகிறோம்' என்று கோலாலம்பூர் ஏஜென்ட் சொன்னால், அந்தப் பிரதி கிடைக்கும்வரை விமானம் ஏறாமல் இருப்பதே நல்லது. வேலை கைநழுவிவிடுமோ என்ற பயத்தில் இதைக் கேட்காமல் போகிறவர்கள்தான் பின்னர் எந்தக் கம்பெனி மீது உரிமை கோருவது என்றே தெரியாமல் நிற்கிறார்கள்.

பிரதியைப் பெற்றதும் முதலில் பார்க்க வேண்டியது உரிமையாளராகக் குறிப்பிடப்பட்டிருக்கும் பெயரை. ஏஜென்ட் வேறு, கப்பலை நிர்வகிக்கும் கம்பெனி வேறு, பதிவுச் சான்றிதழில் உரிமையாளராக இருக்கும் கம்பெனி வேறு என்று மூன்று பெயர்கள் இருக்கலாம். மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது கப்பலின் கொடி, அதாவது கப்பல் பதிவு செய்யப்பட்ட நாடு. பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள், மலேசியா என்று எந்தக் கொடியோ அந்த நாட்டுச் சட்டமே ஒப்பந்தத்துக்கு முதல் அடிப்படை. கடைசியாக, தொழிற்சங்கக் கூட்டு ஒப்பந்தம் எதுவும் உங்கள் ஒப்பந்தத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இணைக்கப்பட்டிருந்தால் அதன் பிரதியையும் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் கூடுதல் ஊதிய விகிதங்கள் பெரும்பாலும் அதன் பின்னிணைப்பு அட்டவணையில்தான் இருக்கும்.

கணக்கை நீங்களே போடுங்கள்

உடன்படிக்கையின் வழிகாட்டல் பகுதி, அடிப்படைச் சம்பளத்தைக் கணக்கிடுவதற்கான வார வேலைநேரம் 48 மணிக்கு மேற்படக் கூடாது என்றும், ஓவர்டைம் விகிதம் மணிநேர அடிப்படைச் சம்பளத்தின் 1.25 மடங்குக்குக் குறையக் கூடாது என்றும் சொல்கிறது. இது வழிகாட்டல் பகுதி என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள். கொடி நாட்டின் சட்டமோ உங்கள் ஒப்பந்தமோ கூட்டு ஒப்பந்தமோ அதை ஏற்றிருந்தால்தான் அது உங்களுக்குக் கட்டாய விகிதமாகும். நடைமுறையில் பெரும்பாலான ஒழுங்கான ஒப்பந்தங்கள் இந்த விகிதத்தையே பின்பற்றுகின்றன.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஒருவரின் அடிப்படைச் சம்பளம் மாதம் 832 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 48 மணி என்றால் மாதத்துக்குச் சராசரி 208 மணி; 832-ஐ 208-ஆல் வகுத்தால் மணிக்கு 4 டாலர், அதன் 1.25 மடங்கு 5 டாலர். ஒப்பந்தத்தில் மாதம் 103 மணி உறுதி ஓவர்டைம் என்று எழுதியிருந்தால் 515 டாலர், அந்த மாதம் அவ்வளவு மணி வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுக்கப்பட வேண்டும். அவர் உண்மையில் 150 மணி கூடுதலாக வேலை செய்திருந்தால் மீதி 47 மணிக்கு இன்னும் 235 டாலர் சேர வேண்டும். சம்பளச் சீட்டில் 515 மட்டும் தெரிந்து 235 தெரியவில்லை என்றால் அங்கேதான் உங்கள் வழக்கு இருக்கிறது. ஒன்பது மாத ஒப்பந்தம் முழுவதும் இதே நிலை நீடித்திருந்தால் தொகை 2,115 டாலராகிவிடும்.

எல்லாம் அடங்கிய ஒரே தொகை என்று எழுதப்பட்ட ஒப்பந்தங்கள்தான் தொல்லை தருபவை. எண்ணெய்க் கிணறுகளுக்குச் சேவை செய்யும் கப்பல்களில் நாள் கணக்கில் சம்பளம் பேசி ஏறுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் அந்தத் தொகைக்கு எத்தனை மணிநேர வேலை எதிர்பார்க்கப்படுகிறது என்பதும், தனியாக எந்தப் படிகள் உண்டு என்பதும் தெளிவாக எழுதப்பட வேண்டும் என்றே உடன்படிக்கையின் வழிகாட்டல் கூறுகிறது. மணிநேரம் எழுதப்பட்டிருந்தால் அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு மணிக்கும் வாதாட இடமுண்டு. எழுதப்படவில்லை என்றால் வாதம் கடினமாகும், வழக்கறிஞர் இல்லாமல் அதில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நாட்டில் தொழிற்சாலையில் வேலை செய்யும் அண்ணனோ மாமாவோ 'ஓ.டி. என்றால் ஒன்றரை மடங்கு, பொது விடுமுறைக்கு மூன்று மடங்கு' என்று சொல்வதைக் கேட்டு அந்தக் கணக்கோடு வருகிறவர்கள் உண்டு. அது வேலைவாய்ப்புச் சட்டம் 1955-இன் கணக்கு. கப்பல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஏறியவருக்கு அந்தச் சட்டம் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த விகிதத்தில் கடிதம் எழுதினால் எதிர்த்தரப்பு முதல் பதிலிலேயே அதைப் பிடித்துக்கொண்டு, நியாயமான மீதித் தொகையையும் சேர்த்து மறுத்துவிடும்.

விடுப்புப் பணத்தைப் பலர் மறந்தே போகிறார்கள். உடன்படிக்கையின்படி மாதத்துக்குக் குறைந்தது 2.5 நாட்கள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு சேர்கிறது. ஒன்பது மாதத்துக்கு 22.5 நாட்கள். மேலே சொன்னவரின் சம்பளத்தில் மாதத்தை 30 நாளாகக் கொண்டால் அது 624 டாலர். சம்பளம் டாலரில் பேசி ரிங்கிட்டில் வங்கியில் போடப்படுகிறது என்றால், மாற்று விகிதத்தையும் பாருங்கள்: அது சந்தையில் நிலவும் விகிதமாகவோ அதிகாரபூர்வமாக வெளியிடப்பட்ட விகிதமாகவோ இருக்க வேண்டும், மாலுமிக்குப் பாதகமாக இருக்கக் கூடாது என்பது விதி. பணம் வந்த நாளின் வங்கி விகிதத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்தால் போதும்.

இரண்டு தாள்கள், ஒரே நாள்

வழக்குகள் அதிகம் சிதைவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கப்பலில் உங்கள் நேரத்தைப் பற்றி இரண்டு பதிவுகள் இருக்கும். ஒன்று ஓய்வுநேரப் பதிவு. மற்றது ஓவர்டைம் தாள். ஓய்வுநேர விதி கடுமையானது: வேலைநேர வரம்பைப் பின்பற்றும் கப்பலில் 24 மணிக்குள் 14 மணிக்கும் 7 நாட்களில் 72 மணிக்கும் மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வுநேர வரம்பைப் பின்பற்றும் கப்பலில் 24 மணிக்குள் குறைந்தது 10 மணியும் 7 நாட்களில் குறைந்தது 77 மணியும் ஓய்வு தர வேண்டும். துறைமுகப் பரிசோதகர் ஏறிப் பார்க்கும்போது இந்தப் பதிவில் மீறல் தெரிந்தால் கப்பலுக்குச் சிக்கல். ஆகவே சில கப்பல்களில் கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான சீஃப் மேட்டோ வேறு அதிகாரியோ பதிவை ஒழுங்காகத் தெரியும்படி நிரப்பி, மாதக் கடைசியில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுகிறார்.

சரக்கு இறக்கும் நாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு முதல் பகல் பன்னிரண்டு வரை சரக்குக் காவல், மாலை ஆறு முதல் நள்ளிரவு வரை மீண்டும் காவல், இடையில் பிற்பகல் கப்பலை அடுத்த தளத்துக்கு நகர்த்த இரண்டு மணிநேரம் முன்தளத்தில் கயிறு பிடித்தல்: மொத்தம் 14 மணி. ஆனால் கணினியிலிருந்து அச்சிட்டு வரும் ஓய்வுநேரப் பதிவில் அந்தப் பிற்பகல் வெள்ளைக் கட்டமாகவே, அதாவது ஓய்வாகவே இருக்கிறது. கீழே உங்கள் கையெழுத்து. பிறகு அந்த இரண்டு மணிக்கு ஓவர்டைம் கேட்டால், 'அந்நேரம் ஓய்வில் இருந்ததாக நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்களே' என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லவே முடியாது என்றில்லை. ஆனால் பதில் சொல்லும் சுமை உங்கள் தலையில் ஏறிவிடுகிறது.

இதைத் தவிர்க்கும் முறை எளிது, ஒழுங்கு மட்டும் வேண்டும். தனி நோட்டு ஒன்றில் தினமும் வேலை முடிந்த உடனேயே தேதி, கப்பல் இருந்த இடம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், செய்த வேலை, உத்தரவிட்டவரின் பதவி ஆகியவற்றைப் பேனாவால் எழுதுங்கள். மாதக் கடைசியில் ஒரே மூச்சில், ஒரே மையில் எழுதிய நோட்டுக்கு நீதிமன்றத்தில் மதிப்புக் குறைவு. நாளுக்கு நாள் எழுதியது பார்த்தாலே தெரியும். ஓவர்டைம் பதிவுகளில் மாலுமி மாதம் ஒருமுறையாவது கையொப்பமிட வேண்டும் என்பதும், ஓய்வுநேரப் பதிவின் பிரதியை மாலுமிக்குத் தர வேண்டும் என்பதும் உடன்படிக்கையில் உள்ளவை. ஆகவே பிரதி கேட்பதில் தவறொன்றும் இல்லை. தாள் தவறாக இருந்தால், கையெழுத்திட மறுத்து மோதலை வளர்ப்பதைவிட, கையெழுத்துக்குப் பக்கத்திலேயே '14-ஆம் தேதி பிற்பகல் 2 முதல் 4 வரை முன்தள வேலை சேர்க்கப்படவில்லை' என்று ஒரு வரி எழுதி, பிறகு கையெழுத்திட்டுப் படமெடுத்துக்கொள்வது நல்ல வழி. எழுத விடவில்லை என்றால், அன்றே கேப்டனுக்கு மரியாதையான நடையில் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதன் தேதியே உங்கள் சாட்சி. கணினி, கைப்பேசி ஆவணங்களை மலேசிய நீதிமன்றங்கள் சாட்சியச் சட்டம் 1950-இன் 90ஏ பிரிவின் கீழ் ஏற்கின்றன. எனவே வாட்ஸ்அப்பில் வந்த உத்தரவுகளை அழிக்காமல், பழைய கைப்பேசியை விற்காமல் வைத்திருங்கள்.

போர் அபாயப் பகுதி போனஸ்

2023 நவம்பரிலிருந்து செங்கடலில் வணிகக் கப்பல்கள் மீது தாக்குதல்கள் நடந்ததால் இந்தப் போனஸ் குறித்த கேள்விகள் பெருகிவிட்டன. சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனமும் கப்பல் முதலாளிகள் தரப்பும் சேர்ந்து பேசும் சர்வதேசப் பேச்சுவார்த்தை மன்றத்தின் ஒப்பந்தத்துக்குள் வரும் கப்பல்களில், போர்நிலைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட கடலில் இருக்கும் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்துக்குச் சமமான போனஸ் உண்டு. குறைந்தது ஐந்து நாட்களுக்குக் கொடுக்க வேண்டும். இரண்டே நாளில் கடந்துவிட்டாலும் ஐந்து நாள் தொகைதான். அந்தப் பகுதிக்குப் போக மறுக்கவும் மாலுமிக்கு உரிமை உண்டு. மறுத்தால் கம்பெனி செலவில் ஊர் திரும்புவதோடு இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்துக்குச் சமமான இழப்பீடும் கிடைக்கும்.

போனஸ் அடிப்படைச் சம்பளத்தின் மீதுதான். மாத மொத்தத்தின் மீது அல்ல. 832 டாலர்காரருக்கு ஐந்து நாள் போனஸ் ஏறத்தாழ 139 டாலர், அதற்கு மேல் எதிர்பார்த்துக் கோபப்படுவதில் பயனில்லை. மேலும், அந்த மன்ற ஒப்பந்தத்துக்குள் வராத கப்பலில் உங்கள் ஒப்பந்தமோ கம்பெனியின் சுற்றறிக்கையோ சொல்வதுதான் கணக்கு. சாட்சியாக, பகுதிக்குள் நுழைந்த நேரம், வெளியேறிய நேரம், இரண்டு இடங்களின் ஆயத்தொலைகள் (அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகள்), அந்நாட்களில் கம்பெனி அனுப்பிய பாதுகாப்பு அறிவிப்புகள் ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். கப்பலைச் செலுத்தும் அறையான பாலத்தில் காவல் நிற்பவருக்கு இவை கண்ணெதிரிலேயே இருக்கும். எஞ்சின் அறையில் இருப்பவர் நண்பரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

எந்த வாசலை முதலில் தட்டுவது

கப்பலில் இருக்கும்போதே எழுத்து மூலம் முறையிடுவதுதான் முதல் படி. முறையீட்டு நடைமுறையின் பிரதியை ஒவ்வொரு மாலுமிக்கும் கொடுக்க வேண்டும். அதில் மேலதிகாரி, பிறகு கேப்டன் என்ற வரிசை இருந்தாலும், நேராகக் கேப்டனிடமோ வெளியிலுள்ள அதிகாரிகளிடமோ போக மாலுமிக்கு உரிமை உண்டு. முறையிட்டதற்காகப் பழிவாங்கக் கூடாது என்றும் விதி தடுக்கிறது. நடைமுறையில் பழிவாங்கல் நடப்பதில்லை என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் தேதியிட்ட முறையீடு கையில் இருந்தால், அதற்குப் பிறகு உங்களைத் திடீரெனக் கப்பலிலிருந்து இறக்கிவிட்டால், அதை விளக்க வேண்டியது கம்பெனிதான்.

பலிக்கவில்லை என்றால் துறைமுகம். கப்பல் பினாங்கிலோ கிள்ளான் துறைமுகத்திலோ நிற்கும்போது, அது வெளிநாட்டுக் கொடியாக இருந்தாலும், கடல்துறை இலாகாவான ஜபாத்தான் லாவுட் மலேசியாவிடம் கரைமுறையீடு செய்யலாம். அதன் தலைமையகம் கிள்ளான் துறைமுகத்தில் இருக்கிறது, பினாங்கிலும் அலுவலகம் உண்டு. முறையிட்டவரின் பெயரை அதிகாரிகள் இரகசியமாக வைத்திருக்க வேண்டும். சம்பளம் திரும்பத் திரும்பத் தரப்படாமல் இருப்பதும் சம்பளக் கணக்கில் போலிப் பதிவும் கப்பலைத் தடுத்து வைக்கத் தக்க குறைகளாக சர்வதேசத் தொழிலாளர் நிறுவனத்தின் துறைமுகப் பரிசோதனை வழிகாட்டிகளிலேயே இடம்பெற்றிருக்கின்றன. மாதக்கணக்கில் மின்னஞ்சலுக்குப் பதில் சொல்லாத கம்பெனிகூட, கப்பல் புறப்படுமா என்ற கேள்வி எழுந்தவுடன் பேச முன்வரும். ஆகவே வீட்டுக்கு வந்து இளைப்பாறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இந்த வாய்ப்பை விட்டுவிடாதீர்கள். கப்பலில் சம்மேளனத்தின் ஒப்பந்தம் இருந்தால் அதன் பரிசோதகருக்கும் ஆவணங்களை அனுப்பலாம். உள்நாட்டில் தீபகற்ப மலேசியாவின் தேசியக் கடலோடிகள் சங்கம் அதோடு இணைந்தது.

இரண்டு மாதங்களுக்குக் குறையாமல் சம்பளமே வராமல், உரிமையாளர் தொடர்பை அறுத்துக்கொண்டால் அது வெறும் பாக்கி அல்ல, கைவிடப்பட்ட நிலை. 2017 ஜனவரி 18 முதல் நடப்பிலுள்ள திருத்தத்தின்படி, இதற்கான நிதிப் பாதுகாப்புச் சான்றிதழ் கப்பலில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அதில் காப்பீட்டாளரின் பெயரும் தொடர்பும் இருக்கும்; நான்கு மாதம் வரையிலான சம்பளப் பாக்கியையும் ஊர் திரும்பும் செலவையும் அவர்களிடமே நேரடியாகக் கேட்கலாம். கப்பலில் ஏறிய முதல் வாரத்திலேயே அந்தச் சான்றிதழைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றம் என்றால்

மாலுமியின் சம்பளத்துக்குக் கப்பலின் மீதே கடல்சார் பற்றுரிமை உண்டு, அதாவது பாக்கிக்குக் கப்பலே ஈடாக நிற்கும். கப்பல் கைமாறி விற்கப்பட்டாலும் அந்த உரிமை கப்பலோடு போகும், வங்கியின் அடமானக் கடனுக்கும் முன்னால் நிற்கும். இதை நடைமுறைப்படுத்த உயர் நீதிமன்றத்தில் கப்பலையே பிரதிவாதியாக்கி வழக்குத் தொடுத்து, அதைத் தடுத்து வைக்கும் ஆணை வாங்கலாம். கோலாலம்பூரில் 2010 அக்டோபரிலிருந்து கடல் வழக்குகளுக்கென்றே தனி நீதிமன்றம் இயங்குகிறது. வழக்கு நடைமுறை நீதிமன்ற விதிகள் 2012-இன் 70-ஆவது ஆணையில் இருக்கிறது.

ஆனால் தடுத்து வைத்த கப்பலின் பராமரிப்புச் செலவுக்கு வழக்குத் தொடுப்பவரே முதலில் பொறுப்பேற்க வேண்டும் என்பதால், 2,000 டாலருக்காகத் தனி ஒருவர் இதில் இறங்குவது நியாயமான கணக்கல்ல. ஒரே கப்பலில் பாக்கியுள்ள பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தால் நிலைமையே வேறு. இன்னொன்று: நீதிமன்றமே கப்பலை விற்றால் பற்றுரிமை கப்பலை விட்டு விற்பனைப் பணத்துக்கு மாறிவிடும்; அந்தப் பணம் பங்கிடப்பட்ட பிறகு வருகிறவருக்கு எதுவும் மிஞ்சாது. காலவரம்புச் சட்டம் 1953 சம்பள வழக்குக்கு ஆறு ஆண்டுகள் தருகிறது என்பதை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

பிரதிவாதி மலேசியக் கம்பெனி, தொகை 5,000 ரிங்கிட்டுக்குள் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறை உண்டு. அதில் வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் முடியாது. அதற்கு மேல் 1,00,000 ரிங்கிட் வரை சாதாரண மாஜிஸ்திரேட் வழக்கு. எதில் போவதற்கும் முன்னால், ஒப்பந்தத்தில் வேறு நாட்டு நீதிமன்றத்தையோ நடுவர் மன்றத்தையோ குறிப்பிடும் ஷரத்து இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் காட்டுங்கள். கட்டணம் கட்ட இயலாதவர்கள் பினாங்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் கேட்டுப் பார்க்கலாம். கூடுதல் ஊதியம் கேட்டதற்காகவே வேலையை விட்டு நீக்கினார்கள் என்றால் அது தனிக் கோரிக்கை. தொழில் உறவுச் சட்டம் 1967-இன் 20-ஆவது பிரிவின் கீழ் நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் முறையிட வேண்டும். அந்த நாட்கள் மின்னஞ்சல் பரிமாற்றத்திலேயே கரைந்துவிடும் என்பதால் நாட்காட்டியில் குறித்துவைப்பது நல்லது.

கடற்படையிலும் கடல்சார் அமலாக்க முகமையிலும் சீருடையில் இருப்பவர்களுக்கு மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி பொருந்தாது. அவர்களது படிகள் அரசின் சுற்றறிக்கைகளால் வருபவை, முறையீடும் துறைக்குள்தான் தொடங்கும். துறையின் முடிவு சட்டப்படி சரிதானா என்று உயர் நீதிமன்றம் பார்க்கும் நீதித்துறை மறுஆய்வுக்கு அதைக் கொண்டுபோக நினைத்தால், நீதிமன்ற விதிகளின் 53-ஆவது ஆணையின்படி முடிவு தெரிவிக்கப்பட்டதிலிருந்து மூன்று மாதங்களே உண்டு.

சமரசத்துக்கு வரும்போது

பெரும்பாலான பாக்கிகள் நீதிமன்றத்துக்குப் போகாமல் ஒரு தாளில் முடிகின்றன. கப்பலை விட்டு இறங்கும் நாளில், விமானத்துக்கு நேரமாகிவிட்ட பரபரப்பில், 'எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று அச்சடித்த தாளை நீட்டுவார்கள். பெற்ற தொகையை எண்ணால் எழுதி, 'ஓவர்டைம், விடுப்புப் பணம் குறித்த உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன்' என்று சேர்த்துக் கையெழுத்திடுங்கள். பின்னர் கம்பெனி பேச முன்வந்தால், தொகை டாலரிலா ரிங்கிட்டிலா, எந்த நாள் விகிதத்தில், எந்தத் தேதிக்குள், யார் பெயரிலுள்ள கணக்கில், வங்கிக் கட்டணம் யாருடையது என்பவை அனைத்தும் எழுத்தில் இருக்க வேண்டும். முறையீட்டைத் திரும்பப் பெற்றால்தான் பணம் அனுப்புவோம் என்று அவர்கள் கேட்பது வழக்கம். திரும்பப் பெறும் கடிதத்தைத் தயாராக எழுதி வழக்கறிஞரிடமோ சங்கத்திடமோ கொடுத்து வையுங்கள். முழுத் தொகையும் கணக்கில் சேர்ந்ததை வங்கி அறிக்கையில் பார்த்த பிறகே அது கம்பெனியின் கைக்குப் போக வேண்டும்.